அந்தத் தண்ணீர் பாட்டில் படம் பற்றி, கொஞ்சம் நீளமாக

இரண்டு நாளாக எங்கே பார்த்தாலும் அந்தப் படம்தான். எந்தச் சர்வதேச அமைப்பு, எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். பசுமை வாரம் என்று ஒன்று கொண்டாடியிருக்கிறார்கள். சரி, நல்ல விஷயம். அந்தக் கொண்டாட்டத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் ஓரமாக வைத்திருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் படம் எடுத்து, "இதுவா நம் பசுமை அலுவலகம்?" என்று கேட்டு, ஓர் அழுமூஞ்சிப் பொம்மையையும் ஒட்டி, எல்லா ஊழியருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அது வெளியே வந்ததும் நம் ஆட்களும் "சரியான சூடு" என்று பகிர்கிறார்கள். நான் மதிக்கிற இரண்டு மூன்று பேரும் அதில் உண்டு என்பதால்தான் இந்தப் பதிவு.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு சர்வதேச அமைப்பின் சுற்றுச்சூழல் தடம் பாட்டிலில் இல்லை. விமான டிக்கெட்டில் இருக்கிறது, ஜெனரேட்டரில் இருக்கிறது, பட்ஜெட் தாளில் இருக்கிறது. இந்த மூன்றிலும் கையெழுத்துப் போடுகிறவர்களின் படத்தை இதுவரை யாரும் அழுமூஞ்சி ஒட்டி அனுப்பியதில்லை.

ஐ.நா.வையே எடுத்துக்கொள்வோம், கணக்கை வெளியே வைக்கிற பெரிய அமைப்பு அதுதான். 2007இல் அப்போதைய பொதுச்செயலர் பான் கி மூன், ஊருக்குச் சொல்வதை முதலில் நாமே செய்வோம் என்று அறிவித்தார். அதன் பிறகு ஐ.நா. குடும்பம் முழுவதற்கும் உமிழ்வு, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் எவ்வளவு வெளியே போகின்றன என்று ஆண்டறிக்கை வருகிறது, பின்னாளில் கழிவும் தண்ணீரும் அதில் சேர்ந்தன. கொரோனாவுக்கு முன் மொத்த உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன். அதில் 40 விழுக்காட்டை ஒட்டி விமானப் பயணம் மட்டும். மீதியில் பெரும்பகுதி கட்டடங்களும் அமைதிப்படை முகாம்களின் ஜெனரேட்டர்களும் வண்டிகளும். துப்புரவுப் பணியாளரின் பாட்டில் இதில் எத்தனையாவது தசம இடத்தில் வரும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

பறப்பதிலும் வகுப்பு இருக்கிறது. பிசினஸ் வகுப்பு இருக்கை விமானத்தில் அடைக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால், அதன் உமிழ்வு எகானமியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் 2013 விதிப்படி, சாதாரண ஊழியருக்கு ஒரே பறப்பு 9 மணி நேரத்தையோ, விமானம் மாறிப் போகும் பயணம் 11 மணி நேரத்தையோ தொட்டால்தான் பிசினஸ். உதவிப் பொதுச்செயலர் பதவியும் அதற்கு மேலும் என்றால் மணிக்கணக்கே கிடையாது, எவ்வளவு சின்னப் பயணமானாலும் பிசினஸ்தான். பதவி ஏற ஏற முழங்கால் நீண்டுவிடும் போல.

எரிக் சோல்ஹைமை மறந்துவிட்டோமா? நார்வேயின் முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர், அப்புறம் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர். உலகத்துக்கே "உமிழ்வைக் குறையுங்கள்" என்று சொல்ல வேண்டிய நாற்காலி அது. ஐ.நா.வின் உள்தணிக்கை என்ன சொன்னது? 668 நாட்களில் 529 நாட்கள் பயணத்தில், செலவு 4,88,000 டாலருக்கு மேல். நன்கொடை நாடுகள் சில பணத்தை நிறுத்தி வைத்தன, 2018 நவம்பரில் அவர் பதவி விலகினார். அவர் தரப்பிலும் நியாயம் இருந்திருக்கலாம், அந்த வேலையே பத்து நாட்டு அமைச்சர்களைப் பார்த்துப் பேசுவதுதான். இருக்கட்டும். ஆனால் அந்த விவகாரம் தணிக்கை, பதவி விலகல் என்று முறைப்படி முடிந்தது, பாட்டில்காரர் விவகாரம் எல்லோருடைய இன்பாக்ஸுக்கும் போனது.

"சின்னச் சின்ன விஷயங்களும் முக்கியம்தானே" என்று ஒருவர் வருவார். வரட்டும். யார் இல்லை என்றது? குடிக்க நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றை வையுங்கள், பாட்டில் தானாகப் போய்விடும். அதற்குச் செலவு செய்ய மனமில்லாமல் படம் எடுக்க மட்டும் கை வருகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், இப்படியான ஓர் அமைப்பின் கள அலுவலகத்தில் வண்டிப் பிரிவில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்திருக்கிறேன். லாக் புக் பார்ப்பதும் டீசல் கணக்கு எழுதுவதும் என் வேலை. ஓட்டுநர் தன் அட்டையைத் தேய்த்தால்தான் வண்டி கிளம்பும், அந்தக் கருவி எல்லாவற்றையும் பதியும்: எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், எஞ்சின் ஓடியபடி எவ்வளவு நேரம் சும்மா நின்றது. பெரியவர்கள் கூட்டத்துக்கு உள்ளே போவார்கள். வண்டியை அணைக்கக் கூடாது, திரும்பி வரும்போது உள்ளே சில்லென்று இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணில் ஈர வட்டம் விழும், அதன் அளவைப் பார்த்தே வண்டி எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று சொல்லிவிடலாம். மாதக் கடைசியில் "வீண் எரிபொருள்" என்று ஓர் அட்டவணை மேலே போகும். அதில் யார் பெயர்? அட்டையைத் தேய்த்தவர் பெயர். உள்ளே உட்கார்ந்திருந்தவரின் பெயருக்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது.

எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய ஓட்டுநர் ஒருவர் அதை என் மேசையில் வைத்து, அணைத்தால் அவர் திட்டுகிறார், அணைக்காவிட்டால் கணினி திட்டுகிறது, நான் யாரிடம் திட்டு வாங்குவது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பயணியின் பெயரையும் அட்டவணையில் சேர்க்கலாமே என்று மேலே எழுதிக் கேட்டேன். "கருவியில் அந்த வசதி இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலின் அடியில் பச்சை எழுத்தில், இந்த மின்னஞ்சலை அச்சிடும் முன் மரங்களை நினையுங்கள் என்று இருந்தது.

ஜெனரேட்டர் கதை இன்னும் மோசம். அதிகபட்சத் தேவையைக் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் பெரியதாக ஒன்றை வாங்கிவிடுவார்கள். ராத்திரியில் கால்வாசிச் சுமைகூட இருக்காது. குறைந்த சுமையில் ஓடும் டீசல் ஜெனரேட்டர் எண்ணெயை முழுதாக எரிக்காது, புகைக்குழாயில் கறுப்பாகப் பிசின் வழியும், எஞ்சினும் சீக்கிரம் கெடும். இது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஏன் சோலார் போடவில்லை? காசில்லாமல் இல்லை. அமைதிப்படைக்கு பட்ஜெட் ஜூலை முதல் ஜூன் வரை, ஓராண்டுக்குத்தான். படை அங்கே இருப்பதற்கான ஆணையையும் பெரும்பாலும் ஓராண்டுக்கோ அதற்கும் குறைவாகவோதான் நீட்டிப்பார்கள். சோலார் தன் விலையை மீட்கச் சில ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர்கள் எப்படிப் பலகை வாங்குவார்கள்? டீசலோ மாதாந்தரச் செலவு, யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்படி "அடுத்த ஆண்டு தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும் பணிகள் உண்டு. லெபனானுக்கு 1978இல் போன அமைதிப்படையின் பெயரிலேயே "இடைக்கால" என்று உண்டு.

"ஐ.நா. நன்றாகச் செய்திருப்பதைச் சொல்ல மாட்டீர்களா" என்பார்கள். சொல்கிறேன். ஜெனீவாவில் ஏரித் தண்ணீரை வைத்துக் கட்டடத்தைக் குளிர்விக்கிறார்கள், கோபன்ஹேகன் அலுவலகத்துக்குக் கடல் தண்ணீர். நைரோபியில் 2011இல் திறந்த சுற்றுச்சூழல் திட்டக் கட்டடத்தின் கூரையில் சோலார். 2030க்குள் தலைமைச் செயலகத்தின் உமிழ்வை 2010 அளவிலிருந்து 45 விழுக்காடு குறைப்பது என்று திட்டமும் இருக்கிறது. எல்லாம் அருமை. கட்டடம் என்றால் முதலீடு வரும், ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். பழக்கத்தை மாற்று என்றால் மட்டும் அது கீழே இருப்பவனின் பழக்கமாகிவிடுகிறது.

உண்மையில் நன்றாகக் குறைந்தது எப்போது தெரியுமா? 2020இல், யாராலும் பறக்க முடியாதபோது. சிக்கனம் வந்த இன்னொரு சமயம், 2023 கடைசியில் உறுப்பு நாடுகள் சந்தாவைக் கட்டாமல் கையில் காசில்லாமல் போனபோது. ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகம் இருக்கும் மாளிகையில் எஸ்கலேட்டரை நிறுத்தினார்கள், சூடேற்றுவதைக் குறைத்தார்கள், பண்டிகை விடுமுறையில் கட்டடத்தையே சில வாரம் மூடினார்கள். எத்தனையோ சுற்றறிக்கை செய்யாததைக் காலிப் பெட்டி செய்தது.

நேரில் பேசினால்தான் ராஜதந்திரம் என்ற வாதத்துக்கு நான் ரொம்பக் கஷ்டப்பட்டுப் பதில் தேடப்போவதில்லை. சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி வரட்டும், அவர் வரத்தான் வேண்டும். 2023 துபாய் பருவநிலை மாநாட்டுக்கு 80,000 பேருக்கு மேல் போனார்களே, அத்தனை பேரும் தீவு நாட்டுக்காரர்களா?

"மிச்சத்தைத்தான் கார்பன் வரவு வாங்கி ஈடுசெய்கிறார்களே." ஆமாம், வாங்குகிறார்கள்: வேறெங்கோ யாரோ உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றைக் காசு கொடுத்து வாங்குவது. புகை இங்கே, ரசீது அங்கே. அந்த ரசீதுகளின் தரம் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியாகிவிட்டது.

இன்னும் ஒன்று. தடம் என்றாலே கார்பன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2010 அக்டோபரில் ஹைட்டியில் நடந்ததை யாராவது இந்தப் பசுமை வாரங்களில் பேசியிருக்கிறார்களா? மிர்பலே ஊருக்குப் பக்கத்தில் அமைதிப்படை முகாம். முகாமின் கழிவு முறையாகக் கையாளப்படாமல் ஆற்றில் கலந்தது, காலரா பரவியது. சுமார் 10,000 பேர் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் நோயில் படுத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2016 டிசம்பரில்தான் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டவர்களுக்கு சட்ட விலக்குரிமைதான், அதாவது எங்கள் மேல் வழக்கே போட முடியாது என்பதுதான், பதிலாகக் கிடைத்தது. அந்த ஆற்றில் குளித்தவர்கள், துணி துவைத்தவர்கள், குடித்தவர்கள் யாருக்கும் அமைப்பின் பசுமைக் கொள்கை பற்றிச் சுற்றறிக்கை வந்திருக்காது. ஒரு மலக்குழியைச் சரியாகக் கட்டிப் பராமரிப்பது எந்தப் பசுமை வாரத்தையும் விடப் பெரிய சுற்றுச்சூழல் வேலை. அதைச் செய்கிறவர்களும் இதே துப்புரவுப் பணியாளர்கள்தான். அவர்கள் கையில் இருக்கும் பாட்டிலைத்தான் இன்று படம் எடுக்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, ஐ.நா.வே வேண்டாம் என்கிறான்" என்று என்னை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். நிதியை வெட்டு, கடையை மூடு என்று கத்துகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர்களுக்கு அகதி முகாமும் வேண்டாம், தடுப்பூசியும் வேண்டாம். நான் உள்ளே இருந்து டீசல் கணக்கு எழுதிய ஆள், அந்த வேலை தேவையானது என்று இப்போதும் நம்புகிறேன். நம்புவதால்தான் எரிகிறது.

அதனால் பசுமை வாரக் குழுவினருக்கு ஒரு யோசனை. ஒரே ஓர் அட்டவணை போடுங்கள். பதவி, பெயர், இந்த ஆண்டு எத்தனை முறை பறந்தார், எந்த வகுப்பில், அவருக்காக வண்டி எவ்வளவு நேரம் சும்மா நின்று ஓடியது. மேலிருந்து கீழாக எழுதுங்கள். தலைமையின் பெயர் முதல் வரியில் வரட்டும், துப்புரவுப் பணியாளரின் பெயர் கடைசி வரியில் பூஜ்யத்தோடு வரட்டும். அதை எல்லா இன்பாக்ஸுக்கும் அனுப்புங்கள். அந்தத் தைரியம் வரும்வரை பசுமை வார வாழ்த்து என்று எதையும் என் சுவரில் ஒட்டாதீர்கள், ஒட்டினால் எடுத்துவிடுவேன்.