அம்மா விக்க விடாத மண்ணெண்ணெய் மிசின்

போன கிழமை கொட்டிலைத் துப்புரவாக்கேக்க மூலைக்குள்ள கிடந்த அப்பாட இறைப்பு மிசினை பழைய இரும்பு எடுக்கிறவருக்கு நிறுத்துக் குடுப்பம் எண்டு வெளிக்கிட்டன். மண்ணெண்ணெயில ஓடுற மிசின். கடைசியா எப்ப ஸ்டார்ட் பண்ணினது எண்டே நினைவில்லை, இப்ப கிணத்தில கரண்ட் மோட்டர்தானே. அம்மா குசினிக்குள்ள இருந்து ஓடிவந்து மிசினுக்குக் குறுக்கால நிண்டுகொண்டு "உதை விக்காத, எல்லாம் நிண்டாலும் உது ஓடும்" எண்டா. அம்மா உதுக்கும் எண்ணெய் வேணுமெல்லே எண்டு கேட்டன். "ரெண்டு போத்தில் எங்கையாவது வாங்கலாம்" எண்டா. இரும்புக்காரர் சிரிச்சுப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போட்டார்.

அண்டு இரவு முகநூலைத் திறந்தால் வெளிநாட்டில இருக்கிற தெரிஞ்ச தம்பி ஒராள், பெற்றோலியம் நிலக்கரி எல்லாத்தையும் உடனடியா நிப்பாட்டோணும், அதைப் பாவிக்கிற ஒவ்வொருத்தரும் குற்றவாளி எண்டமாதிரி எழுதியிருக்கிறார். கீழ இன்னொராள் வந்து சோலார் காத்தாடி எல்லாம் ஏமாத்து, எண்ணெய் இல்லாமல் உலகம் இல்லை எண்டு ஒரே சண்டை. ரெண்டு பேரிலயும் எனக்குக் கோவமில்லை. ஆனால் எண்ணெய் இல்லாமல் ஒரு ஊர் எப்பிடிக் கிடக்கும் எண்டு யாழ்ப்பாணத்தில இருந்த எங்களுக்கு ரெண்டு தரம் காட்டினவை, அதைப் பற்றி ஒராளும் வாய் திறக்கேல்லை. அதான் இந்த நீட்டுப் பதிவு, பொறுமை இருக்கிற ஆக்கள் வாசியுங்கோ.

முதல் தரம் 1990 ஆனி. சண்டை திரும்பத் தொடங்க கரண்ட் போச்சு, அரசாங்கத்தின்ர பொருளாதாரத் தடை வந்திது. எனக்கு அப்ப பத்து வயது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, யூரியா எல்லாம் தடைப் பட்டியலில. ஜாம் போத்திலுக்குள்ள பஞ்சை வைச்சு அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு திரி ஏத்தின விளக்கிலதான் எங்கட செட் முழுக்கப் படிச்சது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோவில பிபிசி தமிழோசை கேட்டது. மோட்டச்சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினவை, ஏ40 கார் புகையைக் கக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள்ளால போக பின்னால போற நாங்கள் மூக்கைப் பொத்துறது. இப்ப உதுகளை எல்லாரும் வீரக்கதை மாதிரிச் சொல்லுவினம், நாங்கள் எதிலயும் தப்புவம் எண்டு. எனக்கு அந்தப் பெருமை பிடிக்கிறேல்லை. ஏனெண்டால் இறைப்பு எனக்கு நினைவிருக்கு.

எங்கட பக்கம் செம்மண், ஆறு குளம் ஒண்டும் இல்லை, கிணறு மட்டும்தான். வெங்காயத்துக்குத் தண்ணி விடோணும். மிசினுக்கு எண்ணெய் இல்லாத நாளில அப்பு காலத்துத் துலாவை, அதான் கிணத்தில தண்ணி இறைக்கிற நீட்டு மரத்தை, திருப்பிக் கட்டினவை. ஒராள் துலாவில ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து மிதிக்கோணும், ஒராள் தண்ணி அள்ளுற பட்டையைப் பிடிக்கோணும், ஒராள் பாத்திக்குத் தண்ணி மாறோணும். விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறமட்டும், அதுக்குப் பிறகும் பாதித் தோட்டம் நனையாது. நான் தண்ணி மாறின ஆள், பள்ளிக்கூடத்தில போய் வாங்கில நித்திரை.

பேந்து வளந்தாப்பிறகுதான் கணக்குப் பாத்தனான். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில கிட்டத்தட்ட 10 யூனிற் (கரண்ட் பில்லில வாற அதே யூனிற்தான்) சக்தி இருக்கு. சின்ன மிசின் அதில அஞ்சில ஒண்டைத்தான் வேலையா மாத்தும், மிச்சம் சூடாவும் புகையாவும் போயிடும். அப்பிடிப் போயும் 2 யூனிற் வருது. நல்ல உடம்புள்ள ஒராம்பிளை நாள் முழுக்க முறிஞ்சு வேலை செய்தாலும் 1 யூனிற் வராது. அதாவது ஒரு லீற்றர் எண்ணெய் எண்டால் ரெண்டு மூண்டு பேற்றை முழுநாள் வேலை. வேற ஒண்டும் விளங்காட்டிலும் இதை விளங்கினால் காணும், ஏன் உலகத்துக்கு வேண்டிய சக்தியில இண்டைக்கும் நூறில எண்பது பங்கு அளவில நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவில இருந்து வருது எண்டு. ஆரோ கொம்பனிக்காரர் ஏமாத்தினதால மட்டுமில்லை, துலாவில இருந்து இறங்க விருப்பப்பட்டதாலயும்தான்.

ரெண்டாம் தரம் 2022. இந்த முறை தடை போட ஆக்கள் இல்லை, எண்ணெய் இறக்க இலங்கையிட்ட டொலர் இல்லை, அவ்வளவுதான். சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் மசகு எண்ணெய் வாங்கக் காசில்லாமல் 2021 கார்த்திகையிலயே மூடினது, அப்பவே எங்களுக்கு விளங்கியிருக்கோணும். பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். சித்திரை 12ம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அறிவிச்சாச்சு. ஆனி 28ல இருந்து அத்தியாவசிய சேவையளுக்கு மட்டும்தான் எண்ணெய், மற்ற ஆக்கள் வீட்டில இருங்கோ எண்டினம். அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில மரக்கறி நடச் சொல்லி! பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் இருந்தால். நான் ரெண்டு இரவு பெற்றோல் செட் வாசலில மோட்டச்சைக்கிளில சாய்ஞ்சு படுத்தனான், விடிய என்ர முறை வரேக்க முடிஞ்சுது எண்டு பலகையை வைச்சிட்டினம், ஆனால் பின்பக்கத்தால தெரிஞ்ச ஆக்களுக்குப் போனதைக் கண்ணால கண்டனான். சரி அந்தக் கதையை விடுவம். பேந்து கியூஆர் கோட் பங்கீடு வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். 5 லீற்றரில ஒரு ஓட்டோக்காரன் குடும்பம் நடத்திறது எப்பிடி எண்டு ஒராளும் கேக்கேல்லை.

வாகனம் நிண்டது பெரிசில்லை, சைக்கிள் ஓடலாம். பிரச்சினை என்னெண்டால், எண்ணெய்க்கும் தனக்கும் சம்பந்தமில்லை எண்டு நாங்கள் நினைச்சுக்கொண்டிருந்த சாமான் எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா விழுந்திது. தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு லொறி போகாட்டில் எங்கட தோட்டத்து மரக்கறி இங்க அழுகும், அங்க விலை ஏறும், ரெண்டும் ஒரே நாளில. போட் எஞ்சின் ஓடுறதும் மண்ணெண்ணெயில. 87 ரூபா வித்த லீற்றர் ஆவணியில ஒரேயடியா 340 ஆச்சு, கடலுக்குப் போய் வந்தால் மீன் வித்த காசு எண்ணெய்க்கே காணாது. பேப்பர் இறக்கேலாமல் மேல் மாகாணத்தில பள்ளிக்கூடத் தவணைச் சோதினையையே தள்ளிவைச்சவை.

யூரியாவை எடுங்கோ. அது வயலில போடுற எரிவாயு எண்டு சொன்னால் சிரிக்கிறாங்கள். உண்மை அதுதான். எரிவாயுவில இருந்து ஐதரசனைப் பிரிச்சு காத்தில இருக்கிற நைதரசனோட சேத்து அமோனியா, அதில இருந்து யூரியா. 2021ல ஒரே இரவில இரசாயனப் பசளை வேண்டாம், நாடே இயற்கை விவசாயம் எண்டு தடை போட்டவை. வெளியில சொன்ன காரணம் சுகாதாரம், உள்ளுக்க டொலரை மிச்சம் பிடிக்கிற கணக்கும் இருந்திது. நெல்லும் தேயிலையும் விழுந்திது, அந்த வருசம் கார்த்திகையிலயே தடையைத் திருப்பி எடுத்தினம். "உடனடியா நிப்பாட்டு" எண்டு எழுதின தம்பிக்கு நான் சொல்லுறது இதுதான். ஒரு நாடு அதைச் செய்து பாத்தது தம்பி, நாங்கள் அதுக்குள்ள இருந்தனாங்கள்.

இதுக்காக எண்ணெய்க்குக் காவடி எடுக்கிற ஆள் எண்டு என்னை நினைக்காதேங்கோ. சுன்னாகத்தில மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்துக்குள்ள இறங்கி சுத்துவட்டாரக் கிணறுகளில எண்ணெய் மிதந்தது எங்களுக்குப் பக்கத்திலதான். 2019ல உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கிணத்தை நம்பி இருக்கிற மண்ணில கிணறு பழுதாப் போனால் 2 கோடியை வைச்சு என்ன செய்யிறது? அதோட 2022ல மட்டும் எரிபொருள் இறக்க இந்த நாடு குடுத்தது ஏறத்தாழ 490 கோடி டொலர், இறக்குமதிச் செலவில நாலில ஒரு பங்குக்கு மேல. ரஷ்யா உக்ரைனுக்குள்ள போக எண்ணெய் விலை ஏறி, இங்க உரும்பிராய் தோட்டக்காரன் காசு கட்டுறான். இது ஒரு சீவியமே?

ஆனால் மாத்துறது எண்டால் மாத்திற ஒழுங்கில மாத்தோணும். 2025 சித்திரை வருசப்பிறப்பு நேரம் கூரையில சோலார் போட்ட ஆக்களை, பகலில உங்கட சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை கேட்டது. லீவு நாள், பாவனை குறைவு, வெயில் கூட, மின்வலையமைப்புத் தாங்காது. அதே நாள் இரவு ஏழு மணிக்கு எல்லாரும் லைற்றைப் போடேக்க சூரியன் இல்லை, நுரைச்சோலையில நிலக்கரி எரிஞ்சுகொண்டுதான் இருக்கோணும். 900 மெகாவாற் நிலையம், நாட்டுக் கரண்டில மூண்டில ஒண்டு அளவு அதில இருந்துதான் வருது. பகல் வெயிலை இரவுக்குச் சேத்து வைக்கிற பற்றரிக்குக் காசு போடாமல் தகடு மட்டும் அடுக்கினால் இப்பிடித்தான். பனிக்கட்டி வாங்கி வைச்சிட்டுப் பெட்டியை மறந்த மாதிரி.

இறைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. கிணத்துக்குச் சோலார் மோட்டரைப் போல நல்ல சாமான் வேற இல்லை, வெயில் இருக்கேக்கதானே தண்ணி தேவை, பற்றரியே வேண்டாம், தண்ணியைத் தொட்டியில சேத்தால் அதுதான் பற்றரி. அதை முதலில ஒவ்வொரு தோட்டத்துக்கும் குடுங்கோ. ஸ்கூட்டரை, ஓட்டோவை மாத்துங்கோ. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு சோலாரும் காத்தாடியும் எண்டு ஒப்பந்தம் போட்டாப்பிறகும் இழுபடுற கதையை முடியுங்கோ. போட் எஞ்சினையும் லொறியையும் யூரியாவையும் பிறகு பாப்பம், அதுகளுக்கு இப்போதைக்கு மலிவான மாற்று எங்கட கையில இல்லை, இருக்கிறமாதிரி ஏன் பொய் சொல்லுவான்? மன்னார் கடலுக்கடியில 2011ல எரிவாயு கண்டுபிடிச்சும் இண்டைவரைக்கும் ஒரு குமிழி வெளியில வரேல்லை, அதை எடுக்கலாமா வேண்டாமா எண்டு சண்டை பிடிக்கிறதெண்டாலும் கணக்கை வைச்சுச் சண்டை பிடியுங்கோ, நான் கேக்கிறன்.

இரும்புக்காரர் நேற்றுத் திரும்ப வந்தவர், விலையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். நான் வாய் திறக்க முதல் அம்மா "அதை அவன் விக்கிறேல்லை" எண்டு சொல்லி அனுப்பிப்போட்டா. இப்ப மிசினைத் துடைச்சு யூரியாச் சாக்கால மூடிக் கிடக்குது. டாங்கில ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில ரெண்டு வெறும் போத்தில் கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறா.