அடுத்த ஏப்ரலில் அறிவிப்பை யார் ஏற்றுவார்கள்?

சிங்கப்பூரில் இயங்கும் எங்கள் தமிழ்க் கணிமைக் குழுவின் இணையத்தளத்தை மாற்றியமைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும், வாட்ஸ்ஆப்பில் முதலில் வந்து குவிந்தவை நிறங்களும் முகப்புப் படங்களும். அப்புறம் மென்பொருள் எழுதும் தம்பிகள் ஹியூகோ, ஆஸ்ட்ரோ என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். எல்லாமே தளம் கட்ட உதவும் திறமூலக் கருவிகள் (நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்), எல்லாமே நல்லவை. எனக்கு இருக்கும் கேள்வி வேறு. அடுத்த ஏப்ரலில், தமிழ்மொழி விழாவுக்கு நாம் நடத்தும் பயிலரங்கின் அறிவிப்பை யார் ஏற்றப்போகிறார்கள்?

இப்போது அந்த வேலையைப் பார்ப்பவர் பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். தம்பிகளுக்கு வேலை மாறும், தேசிய சேவைப் பயிற்சிக்கு அழைப்பு வரும், குழந்தை பிறக்கும். அந்த ஆசிரியை அக்கா இருப்பார். ஹியூகோவில் கட்டினால் தளம் வேகமாகத் திறக்கும். தரவுத்தளம் இல்லாததால் உள்ளே புகுந்து குழப்பவும் வழி குறைவு. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் காசில்லாமலே வைத்துக்கொள்ளலாம். மறுக்கவில்லை. ஆனால் பயிலரங்கு 3 மணியிலிருந்து 4 மணிக்கு மாறினால், மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்பைத் திறந்து, திருத்தி, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பி, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். அக்கா அதெல்லாம் செய்யமாட்டார். வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார். தளத்தில் 3 மணி என்றே நிற்கும்.

அதனால் என் வாக்கு, நிரல் எழுதாமலே தளத்தை நிர்வகிக்க உதவும் வேர்ட்பிரஸுக்கு. 2003இல் வந்தது, உலகின் இணையத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. சலிப்பான தேர்வு என்று ஒரு தம்பி சொன்னார். சலிப்பாக இருப்பதுதான் அதன் பலமே. தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள், கைப்பேசியிலேயே நேரத்தைத் திருத்தலாம்.

எங்கள் பழைய தளம் வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூப்பல் 7இல் இருக்கிறது. 2011இல் வெளியான பதிப்பு. அதற்கான ஆதரவை நிறுத்தும் தேதியைப் பலமுறை தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஜனவரி 5ஆம் தேதி நிறுத்தினார்கள். அடுத்த பதிப்பான ட்ரூப்பல் 8 வேறு அடித்தளத்தில் எழுதப்பட்டதால், பொத்தானை அழுத்தி மேம்படுத்த முடியாது. வீடு மாற்றுவதுபோல எல்லாவற்றையும் மூட்டை கட்டித்தான் தூக்கிப் போக வேண்டும். தொண்டூழியர்களை நம்பி ஓடும் குழுவுக்கு அது சின்ன வேலை இல்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

வேர்ட்பிரஸிலும் ஒரு பொறி இருக்கிறது. இழுத்து ஒட்டிப் பக்கம் கட்டும் பேஜ் பில்டர் செருகுநிரல்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) சில இருக்கின்றனவே, அவற்றால் கட்டிய பக்கத்திலிருந்து செருகுநிரலை நிறுத்திப் பாருங்கள். கட்டுரை இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிகளாக நிரம்பி வழியும். உரிமம் திறமூலம்தான், ஆனாலும் வெளியேற வழியில்லை. உள்ளே போகுமுன் வெளியே வர முடிகிறதா என்று சோதித்துவிடுங்கள் என்பேன். வேர்ட்பிரஸோடு வரும் பிளாக் எடிட்டர் என்ற பக்கம் எழுதும் கருவியே எங்களுக்குப் போதும். பாதுகாப்புக் குறைகளில் பெரும்பாலானவை செருகுநிரல்களில்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன என்பதால், அவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

சரி, தமிழுக்கு வருவோம். தளத்துக்கான ஆயத்தத் தோற்றங்களான தீம்களின் மாதிரிப் பக்கங்களைப் பார்த்து மயங்கக் கூடாது. அவையெல்லாம் குட்டிக் குட்டி ஆங்கிலச் சொற்களை வைத்து வரைந்தவை. அந்தப் பொத்தானுக்குள் ‘பதிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று போட்டால் கைப்பேசித் திரையில் பாதிச் சொல் வெளியே தொங்கும். தலைப்புகளின் வரி இடைவெளி இறுக்கமாக இருந்தால் மேல்வரியின் ‘ரு’வும் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யோடு இடித்துக்கொள்ளும். எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எனக்கு முக்த மலர் பிடிக்கும், அக்காவுக்கு நோட்டோ. அக்காவே ஜெயிப்பார்.

இன்னொன்று, பக்கத்தின் முகவரி. தமிழில் வைத்தால்தான் தமிழ்த்தளம் என்று சிலர் கொடிபிடிக்கிறார்கள். ‘தமிழ்’ என்பதில் 5 யூனிகோடு குறியீடுகள் (எழுத்துகளுக்குக் கணினியில் தரப்பட்ட எண்கள்). ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக அந்த ஒரு சொல்லே 45 எழுத்து. பகிரும்போது வாட்ஸ்ஆப்பில் அரைப்பக்கத்துக்கு விழுக்காட்டுக் குறிகள் ஓடும். போதாததற்கு வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு முகவரியை வெட்டிவிடும், அதாவது இருபது சொச்சம் குறியீடுகள் தாண்டினால் தலைப்பு பாதியில் அறுந்துவிடும். முகவரி சின்னதாக ரோமன் எழுத்தில் இருக்கட்டும். உள்ளே தமிழ் நன்றாக இருந்தால் போதும்.

பழைய படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. 2019 செப்டம்பரிலிருந்து சட்டத் தேவையோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்யும் அவசியமோ இல்லாமல் அதைக் கேட்கக் கூடாது. பயிலரங்குக்கு வருபவரிடம் பெயரும் மின்னஞ்சலும் போதும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பழைய கட்டுரைகள்தான். இந்த ஊருக்கு அதில் தனிப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். 1995இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் உழைப்பில் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறியது இங்கிருந்து. 1997இல் தமிழ்நெட் மாநாடு நடந்தது இங்கே. 2000இல் உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு உருவானதும் இங்கேதான். யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதியவை டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் (எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறைகள்) கிடக்கின்றன. இன்றைய உலாவியில் திறந்தால் பவுண்டு குறியும், தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துமாகத் தெரியும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு டிஸ்கியை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் ஒரே கோப்பில் டிஸ்கியும் டாப்பும் கலந்திருந்தால் எது எந்தக் குறியாக்கம் என்று இயந்திரம் தடுமாறும். மனிதர் படித்துத்தான் தீர வேண்டும்.

புதுத் தோற்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்க வேண்டும் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன். முகப்புப் படம் இல்லாமலும் தளம் திறக்கலாம். அந்தக் கட்டுரைகளை இன்னொரு முறை எழுத ஆள் இல்லை, எழுதியவர்களில் சிலர் இப்போது இல்லை.

பிழை பார்க்க ஆட்கள் தேவைப்படுகிறார்கள். நிரல் தெரிய வேண்டியதில்லை, பொறுமையாகத் தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் உட்பெட்டிக்கு வாருங்கள்.