அறுபது கல்

போன வாரம் அறுபது ஆத்தங்குடித் தரைக்கல் செய்து, இடையில் வைக்கோல் வைத்துக் கட்டி, செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வீட்டுக்காரர் எனக்கு 38,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். இரண்டு வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிக் குறை சொல்லி வருகிறார். அவருக்குப் போய் ஏன் செய்து கொடுத்தாய் என்று மச்சான் கேட்டுவிட்டார், பட்டறையில் இருப்பவர்கள் கேட்டுவிட்டார்கள், தெரிந்த கொத்தனார் போன் போட்டே திட்டினார். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

2022 கடைசியில் பேசிய வேலை அது. பழைய வீடு, முகப்பிலும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலும் தரை பெயர்ந்து கிடந்தது. மொத்தம் 1,400 சதுர அடி. பழைய தரையில் இருந்த அதே பூதான் வேண்டும் என்றார், அதற்கென்று தனியாக அச்சு அடித்தோம். திண்ணையில் உட்கார்ந்து விலை பேசி முடித்து எழுந்திருக்கும்போது, “தம்பி, நாளைக்கு நாலு கல்லு உடைஞ்சா இதே கலருக்கு நான் எங்க போவேன்?” என்றார். நியாயமான கேள்வி. “மூணு வருஷத்துக்கு அச்சு எங்கிட்டயே இருக்கும்ணே. எப்பக் கேட்டாலும் இதே விலைக்குச் செஞ்சு தர்றேன்” என்றேன். அவ்வளவுதான் ஒப்பந்தம். தாள் இல்லை, கையெழுத்து இல்லை. 2023 ஜனவரியில் கடைசி லோடு இறக்கினோம்.

அதற்கப்புறம் நடந்ததை நீட்டி முழக்க விருப்பமில்லை. தரையில் சிமெண்ட் கறை போகவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். சிமெண்டில் செய்த கல்லை ஆசிட் அரித்துவிடும். வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். பளபளப்புப் போய் வெளுத்ததும் கல் மட்டம் என்றார், பாக்கியை நிறுத்தினார். என் ஆட்கள் எதிரில் பேசக் கூடாததைப் பேசினார். அவர் பேச்சைக் கேட்டு எனக்கு வந்துகொண்டிருந்த இரண்டு வேலைகள் வேறு பக்கம் போயின. கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இன்றைக்கும் இருக்கிறது.

இந்தப் புரட்டாசியில் அந்த வீட்டு வாட்ச்மேன் பேசினார். குழாய் வேலைக்காக வளவில் ஒரு பக்கம் உடைத்துவிட்டார்களாம், அறுபது கல் வேண்டுமாம். வீட்டுக்காரர் நேராகக் கூப்பிடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், எழுதவில்லை என்பதற்காகச் செல்லாமல் போகாது, நிரூபிப்பதுதான் கஷ்டம் என்றார். அதோடு, முதலில் செய்ய வேண்டியதை அவரே செய்யாதபோது உங்களிடம் பாக்கி வேலையைக் கேட்க முடியாது என்று தாராளமாக வாதாடலாம், அதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். ஆக, முடியாது என்று நான் சொல்லியிருந்தால் யாரும் என்னைப் பிடித்து உலுக்கியிருக்க முடியாது.

இருந்தும் செய்தேன். காரணம் இந்தத் தொழிலிலேயே இருக்கிறது. இந்தக் கல் கடையில் டப்பா எண் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை. பட்டறைக்குப் பட்டறை சிவப்பு வேறு, பச்சை வேறு. அந்தப் பூவுக்கான அச்சு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பணத்தை வைத்தால்தான் கல் என்று நான் பிடிவாதம் பிடித்தால் அவருக்கு வேறு போக்கே கிடையாது. ஆனால் அப்படிச் செய்தால் அந்த அச்சை நான் பிணையாக வைத்துக்கொண்டேன் என்று ஆகும். திண்ணையில் அவர் பயந்ததே இதற்குத்தானே? அந்தப் பயம் வேண்டாம் என்றுதானே நான் வாய் திறந்து சொன்னேன்? அவர் நல்லபடி நடந்துகொண்டால் தருகிறேன் என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மூன்று வருடம் என்று சொன்னேன். கெடு இன்னும் முடியவில்லை.

செய்வதும் லேசாக இல்லை. ஒவ்வொரு பெரிய வேலையிலும் இரண்டு கல்லை எடுத்துப் பேப்பர் சுற்றி வைத்துவிடுவது என் வழக்கம். அதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் கலர் கலந்தோம். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு காட்டும். கண்ணாடி மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் கலரை ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுத்து, மறுபடி வெயிலில் வைத்துக் கண்ணாடி கழலும்வரை காத்திருந்தால்தான் சரியா தப்பா என்று தெரியும். முதல் தடவை சிவப்பு தூக்கலாக வந்துவிட்டது. இரண்டாம் தடவை பச்சை மங்கல். மூன்றாவதில்தான் பழைய கல்லோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது கண் தடுக்கவில்லை. இவருக்கு இது போதும் என்று முதல் கல்லையே என் ஆள் கட்டப் போனார். நான் விடவில்லை. அரைகுறையாகச் செய்து கொடுத்துவிட்டு வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பத்து அங்குலக் கல் அறுபது என்றால் 42 சதுர அடிகூட வராது. அன்றைய விலை சதுர அடிக்கு 55 ரூபாய், இப்போது அதே கல்லை 70-க்குக் கொடுக்கிறேன். விலையில் எனக்கு நட்டம் அறுநூற்றுச் சொச்சம்தான். வீணான கல்லும் ஆள் கூலியும் தனி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சொன்னதைச் செய்தேன், சொல்லாததைச் செய்யவில்லை. “அப்படியே பாத்ரூமுக்கும் கொஞ்சம் போட்டுத் தரச் சொல்றாரு” என்று வாட்ச்மேன் இழுத்தார். அது பேச்சில் இல்லை, முடியாது என்றேன். கல் பதிக்க ஆள் கேட்டார்கள். என் ஆட்களை மறுபடி அந்த வாய்க்கு முன்னால் நிறுத்த மாட்டேன், செய்து தருவதுதான் பேச்சு. அறுபது கல், பழைய விலை, முழுப் பணம் முன்னால், பழைய பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வாட்ஸ்அப்பில் அவருக்கே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை, பணம் வந்தது. இறக்கும்போது எண்ணிக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வாக்கை மதிக்கிறவன் எழுதக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததே இல்லை. அந்தக் காலத்தில் நகரத்தார் வட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ளப் பர்மாவுக்கு மூன்று வருடக் கணக்குக்குப் போன ஏஜெண்டுக்குச் சம்பளச் சீட்டு என்று ஒப்பந்தம் எழுதினார்கள். நகரத்தார் கல்யாணத்திலேயே இசைகுடிமானம் என்று கல்யாண ஒப்பந்தம் எழுதுகிறார்கள். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று எங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அன்றைக்குத் திண்ணையில் எழுதாதது என் தப்பு. இப்போது யாரோடு பேசினாலும், பேசி முடித்ததும் நாலு வரியை வாட்ஸ்அப்பில் போட்டுச் “சரி” என்று பதில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படி இருந்தால் எல்லோரும் தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்கிறார் மச்சான். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பாக்கியை நான் விட்டுவிடவில்லை. இறக்கிய சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு, நோட்டீஸ் அனுப்பினால் மட்டும் அது நீளாது. வருகிற ஜனவரியோடு முடிகிறது. நோட்டீஸ் இந்த வாரம் போகிறது, பணம் வராவிட்டால் மார்கழிக்குள் வழக்கு. அந்த அச்சு பரணில்தான் இருக்கிறது. ஜனவரிவரை அதை யாரும் தொடக் கூடாது என்று பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.