காசோலையில் வராத நன்கொடை

இந்தியாவில் கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரங்களை யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் 2024 மார்ச்சில் வெளியானதிலிருந்து நம் சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழுகிறது: "நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காது." ஏன் என்று கேட்டால், "இங்க கம்பெனிங்க கட்சிக்குப் பணம் கொடுக்கக்கூடாதே" என்பார்கள். தவறு. தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு நிறுவனம் இவ்வளவுதான் தரலாம் என்ற வரம்புகூட இங்கே கிடையாது. நம்மைக் காப்பது வேறொன்று.

முதலில் அந்தப் பத்திரம். 2017க்கு முன் ஓர் இந்திய நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குத் தர முடியாது. யாருக்குத் தந்தோம் என்று கணக்கிலும் காட்டவேண்டும். அந்த ஆண்டு நிதிச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளைத் தரலாம் என்றானது. பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கு, கட்சியிடம் கொடு, 15 நாளுக்குள் அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். வாக்காளருக்குப் பெயர் தெரியாது. ஆனால் வங்கி அரசுடையது. பத்திரத்தில் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் எண்ணும் இருந்தது. அதாவது இருட்டு வாக்காளருக்கு மட்டும். 2024 பிப்ரவரி 15ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. அதிகம் வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் 509 கோடி திமுகவுக்குப் போனது. மொத்தத்தில் அதிகம் பெற்றது பாஜக, 6,000 கோடிக்கு மேல். ஆகவே இந்த விஷயத்தில் இரு தரப்பு ரசிகர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். பத்திரமே வேண்டாம் என்று வழக்குப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு.

இனி நம் ஊர். 2000ஆம் ஆண்டின் அரசியல் நன்கொடைச் சட்டத்தின் விதிகள் இப்போது வெளிநாட்டுத் தலையீட்டு எதிர்நடவடிக்கைச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. கட்சியின் பொருளாளர் கைக்கு ஒரு காசோலை வந்தால் அவர் பார்க்கவேண்டியவை இவை. தனிநபர் என்றால் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமகனா? நிரந்தரவாசி தர முடியாது. நிறுவனம் என்றால் இங்கே பதிவானதா, இயக்குநர்களிலும் பங்குதாரர்களிலும் பெரும்பான்மையினர் குடிமக்களா, தொழில் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறதா? தேறாத பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. பெயரில்லாமல் வருவது ஆண்டுக்கு மொத்தம் 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கீழ்தான் இருக்கவேண்டும். ஒருவரே ஓராண்டில் 10,000 வெள்ளியோ அதற்கு மேலோ தந்தால், பல தவணையாகத் தந்தாலும், அறிக்கையில் வரும். வேட்பாளரும் நன்கொடைக் கணக்குக் கொடுத்து அரசியல் நன்கொடைச் சான்றிதழ் வாங்கினால்தான் வேட்புமனுத் தாக்கல் தினத்தில் உள்ளே போகமுடியும்.

கவனித்தீர்களா? வாசல் முழுக்க வெளிநாட்டுப் பணத்தைப் பார்த்தே கட்டப்பட்டிருக்கிறது. உள்ளூர் முதலாளிக்கு அது அகலத் திறந்த கதவு. 10,000 வெள்ளிக் கோட்டிலும் ஓட்டை உண்டு: அப்பா 9,900, அம்மா 9,900, இரண்டு பிள்ளைகள் தலா 9,900. அவரவர் சொந்தப் பணம் என்றால் சட்டத்தின் கண்ணில் நாலு பேர், சாப்பாட்டு மேசையில் ஒரே குடும்பம்.

பின் எதுதான் காக்கிறது? செலவு வரம்பு. 2025 பொதுத் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 5 வெள்ளி. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும், 28,000 பேர் உள்ள தனித்தொகுதியில் 140,000 வெள்ளிக்கு மேல் செலவழிக்க முடியாது. நாலு வேட்பாளர் ஒரே அணியாக நிற்கும், 120,000 பேர் உள்ள நால்வர் குழுத்தொகுதியில் 600,000, ஆளுக்கு 150,000. கொட்ட வழியில்லாத இடத்தில் கோடிகளை யாரும் கொண்டுவந்து நிற்கமாட்டார்கள். அமெரிக்காவில் நேர்மாறு: 2024ல் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 3,300 டாலர்தான் தரலாம். ஆனால் வேட்பாளரிடம் கொடுக்காமல் வெளியிலிருந்து செய்யும் 'சுயேச்சைச் செலவு' என்ற பெயரில் எலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். மலேசியாவில் வரம்பு இருக்கிறது, நாடாளுமன்றத் தொகுதிக்கு 200,000 ரிங்கிட். அது வேட்பாளரைக் கட்டும், கட்சியைக் கட்டாது. எனவே அது அலங்காரம்.

ஆனாலும் வரம்பை 4 வெள்ளியிலிருந்து 5க்கு உயர்த்தியதில் எனக்கு உடன்பாடில்லை. 2020ல் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து செலவழித்தது சுமார் 9.2 மில்லியன் வெள்ளி. அதில் ஆளும் மக்கள் செயல் கட்சி மட்டும் சுமார் 6.9 மில்லியன். பழைய வரம்பையே தொடமுடியாத சிறு கட்சிகளுக்குக் கூடுதல் ஒரு வெள்ளியால் என்ன லாபம்? விலைவாசி ஏறிவிட்டது என்பது உண்மைதான். இருந்தாலும் உயர்த்திய வரம்பு எட்டக்கூடியவருக்கே உதவும்.

அதைவிடப் பெரிய சங்கதி, செல்வாக்கு எப்போதும் நன்கொடை என்ற பெயரில் வருவதில்லை. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் வழக்கில் பேசப்பட்டது தேர்தல் நிதியே அல்ல. எஃப்1 கார் பந்தய டிக்கெட், தனி விமானத்தில் தோஹா பயணம், விஸ்கி, சைக்கிள்: கிட்டத்தட்ட 403,000 வெள்ளி மதிப்பு. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 165ஆம் பிரிவு, தன் அலுவலோடு தொடர்புள்ளவரிடம் பொதுச் சேவையாளர் விலைமதிப்புள்ளதை வாங்குவதையே குற்றமாக்குகிறது. பதிலுக்கு என்ன செய்துகொடுத்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. அரசுத் தரப்பு கேட்டது ஆறு முதல் ஏழு மாதம். 2024 அக்டோபர் 3ல் நீதிபதி விதித்தது 12 மாதம். நன்கொடைச் சட்டத்தைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் இந்தப் பிரிவையும் ஒருமுறை படிக்கவேண்டும்.

நன்கொடை என்றால் ரொக்கம் மட்டும் என்று நினைப்பதும் பிழை. சந்தை விலைக்குக் குறைவாகத் தரப்படும் மண்டபம், லாரி, அச்சு வேலை, கடன் எல்லாமே நன்கொடைதான். பல நேரம் தவறு நடப்பது இங்கேதான், அதுவும் கெட்ட எண்ணத்தால் அல்ல. தெரிந்த அச்சகக்காரர் "நம்ம ஆளுதானே" என்று பாதி விலைக்குப் பதாகை அடித்துத் தருவார். ரசீதில் உள்ள தொகையை அப்படியே கணக்கில் எழுதிவிடுவார்கள், விட்டுக்கொடுத்த மீதியை யாரும் எழுதமாட்டார்கள். வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் செலவுக் கணக்கைப் பொதுமக்கள் பார்வையிடலாம். அடுத்த முறை உங்கள் தொகுதிக் கணக்கை எடுத்து, பதாகை எத்தனை, ஒன்றுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். பிறகு வேறொரு அச்சகத்தில் அதே பதாகைக்கு விலை கேளுங்கள்.