டப்பாவும் கேட்டும்

அந்த வீடியோவை நேற்று மட்டும் பதினோரு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். குடியாத்தத்தில் போன் வைத்திருக்கிற எல்லோரும் பார்த்தாயிற்று, முழுக்கதை வேண்டாம். ஒரு தனியார் பள்ளியின் ஆண்டு விழா மேடை, பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் தோளில் சால்வை, கையில் மைக். அரசாங்கத்தின் கல்வித் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுகிறார். "யாருமே பாக்காத ஒரு டப்பா சேனலுக்கு கவர்மென்ட் காச கொட்டுது. அத மூடிட்டு அந்தப் பணத்த எங்கள மாதிரி ஸ்கூலுக்குக் குடுக்கட்டும், ரிசல்ட்ட நாங்க காட்டறோம்." உடனே கைதட்டல். நான் கேபிள் டிவி லைன் கொடுக்கிறவன். தட்டியவர்களில் நான்கு பேர் என் லைன் கஸ்டமர்கள். முகம் நன்றாகத் தெரிகிறது.

டப்பா என்றாரே, அந்த டப்பாவை வைத்துத்தான் பதினெட்டு வருடமாக நான் சோறு தின்கிறேன். தரணம்பேட்டை, நடுப்பேட்டை பக்கம் எந்த வீட்டில் என்ன ஓடுகிறது, யார் எத்தனை மாதம் பாக்கி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாருமே பார்ப்பதில்லை என்று மேடையில் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். கல்வித் தொலைக்காட்சியை 2019 ஆகஸ்டில் தொடங்கினார்கள். அரசு கேபிளில் எண் 200. முதல் வருடம் ஒரு கஸ்டமர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் போட்டுப் பார்த்ததில்லை. 2020-ல் பள்ளிக்கூடங்களைப் பூட்டி, ஜூலையில் அதில் பாடம் ஓட ஆரம்பித்ததும் என் போன் ஓயவில்லை. "அண்ணா, 200 வரல." "அண்ணா, பத்தாவதுக்கு எத்தினி மணிக்கு?" சீரியல் நேரத்தில் லைன் போனால்கூட எனக்கு அவ்வளவு போன் வந்ததில்லை.

பீடி சுற்றுகிற ஒரு அக்கா. நாலு மாத பாக்கி, லைனை நான்தான் கட் பண்ணியிருந்தேன். செட்டாப் பாக்ஸையே ஒயர் பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "சீரியலு, பாட்டு எதுவும் வேணாம்பா. அந்தப் பாடம் நடத்தற சேனல் மட்டும் வரா மாதிரி பண்ணு." நான் அன்றைக்கே போய் லைன் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கட் பண்ணியவனும் நான்தானே. அவர் வீட்டில் இருந்தது கலைஞர் ஆட்சியில் கொடுத்த 14 இஞ்ச் இலவச டிவி. ஓரத்தில் படம் பச்சையாகத் தெரியும். அம்மா முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருக்க, பிள்ளை நோட்டுடன் அந்தப் பச்சைப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த டிவிக்கு கேட் கிடையாது. டொனேஷன் எவ்வளவு, அப்பாவுக்கு என்ன வேலை, எந்தத் தெரு என்று அது யாரிடமும் கேட்கவில்லை. எனக்குப் புரிகிற ஒரே வித்தியாசம் இதுதான். அரசாங்கப் பணத்தை கேட் இல்லாத இடத்தில் போட்டால் எல்லோருக்கும் போகும். கேட் உள்ள இடத்தில் போட்டால் வாட்ச்மேன் உள்ளே விடுகிறவர்களுக்குத்தான் போகும்.

"25 சதவீதம் ஏழைப் பிள்ளைகளை நாங்கள் சேர்க்கவில்லையா?" என்று தனியார் பள்ளி நடத்துகிறவர்கள் கேட்பீர்கள். சேர்க்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால் சேர்க்கிறீர்கள், அதற்கான கட்டணத்தை அரசு உங்களுக்குக் கொடுக்கிறது. கொடுப்பதில் இழுத்தடிக்கிறார்கள், அது தப்புதான். 2025-ல் மத்திய அரசு நிதியை நிறுத்தி வைத்ததில் அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தொடங்காமல் கிடந்தது. அதற்குக் கூட்டம் போட்டுக் கேளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் உங்கள் பாக்கியை வசூலிக்க அந்த அக்கா வீட்டு டிவியை ஏன் பிடுங்க வேண்டும்?

அப்புறம் அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். "உன் பொண்ண எங்க சேத்த?"

மெட்ரிக் பள்ளியில்தான் சேர்த்தேன். எட்டாவது வரை. எங்க அம்மாவும் பீடி சுற்றியவர்தான். நான் நகராட்சிப் பள்ளி. என் பிள்ளையாவது டை கட்டிக்கொண்டு வேனில் போகட்டும் என்று ஆசைப்பட்டேன். இதற்கு மேல் அதில் விளக்கம் இல்லை. வேண்டுமானால் திட்டிக்கொள்ளுங்கள்.

2020-ல் என்ன நடந்தது தெரியுமா? தனியார் பள்ளிகள் கட்டணத்தில் முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. நாங்கள் சேர்த்திருந்த பள்ளியில் முழுக் கட்டணமும் கேட்டார்கள். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், கமெண்ட்டில் யூகிக்கவும் வேண்டாம். வேனே ஓடாத வருடத்துக்கு வேன் ஃபீஸ். பூட்டிக் கிடந்த வகுப்புக்கு "ஸ்மார்ட் கிளாஸ்" என்று 3,500 ரூபாய். ஸ்மார்ட் கிளாஸ் என்றால் என்ன? சுவரில் ஒரு டிவியை மாட்டி அதில் பாடம் ஓட்டுவது! அவர்கள் மாட்டினால் ஸ்மார்ட், அரசாங்கம் ஓட்டினால் டப்பா.

எனக்கு அப்போது கலெக்‌ஷனே இல்லை. பாதிப் பணம் கொண்டுபோனேன், வாங்கவில்லை. மறுநாள் காலை என் பெண்ணை வாட்ஸப் வகுப்புக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல், 'ரிமூவ்டு' என்று ஒரு வரி. போனை என்னிடம் நீட்டி, "நெட்டு போயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். நானும் ஆமாம் என்றேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டிலும் 200 போட்டோம். ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிறவன், அன்றைக்குத்தான் அந்தச் சேனலை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். சில பாடத்தில் டீச்சர் பயத்தில் வேகமாக ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார். சந்தேகம் கேட்க முடியாது, கரண்ட் போனால் பாடமும் போச்சு. ஒரே டிவி உள்ள வீட்டில் அண்ணன் பாடமும் தங்கச்சி பாடமும் இடித்துக்கொண்டால் சண்டை. என் வயர் பீஞ்சமந்தை மலை ஏறாது, அதுவும் தெரியும். டிவி இருந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்தக் காசை எடுத்து வேறு எதிலாவது போட்டே ஆக வேண்டும் என்றால் அரசுப் பள்ளியில் போடுங்கள். பிளஸ் டூ முடிவு வரும்போது வேலூர் மாவட்டத்தின் பெயரை அட்டவணையில் அடியிலிருந்து தேடுகிறோமே, அந்தப் பள்ளிகளில் போடுங்கள்.

"இப்போதெல்லாம் யூடியூப் இருக்கிறதே" என்கிறார் இன்னொரு நண்பர். இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி பாடங்களே யூடியூபிலும் இருக்கின்றன. அதைத் தயாரிக்கவும் யாராவது காசு போட்டாக வேண்டும்.

என் பெண் ஒன்பதாவதுக்கு அரசுப் பெண்கள் பள்ளிக்குப் போனாள். டிசி வாங்குவதற்கு நான் எத்தனை நாள் அந்த கேட்டில் நின்றேன் என்பதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. வாட்ச்மேன் எனக்குத் தெரிந்தவர்தான், அவர் வீட்டுக்கும் என் லைன்தான். "உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கண்ணா" என்று கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். வெயிலில் நிற்கிறேன் என்று அவர் ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார். இப்போது அவள் வேலூரில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். 200-தான் படிக்க வைத்தது என்று கதை விட மாட்டேன், அரசுப் பள்ளி டீச்சர்கள் படிக்க வைத்தார்கள். ஆனால் அந்த ஆறேழு மாதம் அவளுக்கு "நீ வெளியே போ" என்று சொல்லாமல் பாடம் நடத்தியது அந்த டப்பா ஒன்றுதான்.

இதையெல்லாம் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டிய அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வருடம் 200 பார்த்தார்கள். வரவில்லை என்று எனக்கு போன் பண்ணியது யார் என்று எனக்கு மறக்கவில்லை.

செதுக்கரை பக்கம் லைன் போயிருக்கிறது என்று இதற்குள் மூன்று போன் வந்துவிட்டது. ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். திட்டுகிறவர்கள் திட்டி வையுங்கள், ராத்திரி வந்து படிக்கிறேன்.