ஆமாம், இங்கிலீஷ் வகுப்பில் கதைதான் சொல்கிறேன்

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய அந்தச் செய்தி உங்களில் பாதிப் பேருக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆளாளுக்கு எனக்கே அனுப்பிவைத்தீர்கள், நன்றி. "இங்கிலீஷ் பீரியட்ல பாட்டி கதை ஓடுது, பாடம் எப்போ?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதைதான் பாடம். சிலபஸ் முடிந்து மிச்ச நேரத்தை ஓட்டுவதற்காகச் சொன்ன கதை இல்லை அது.

வகுப்பில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பாட்டியைப் பார்க்கப் போகும் சிறுமி ஓநாயிடம் மாட்டிக்கொள்ளும் ரெட் ரைடிங் ஹூட் கதையை இரண்டு வடிவத்தில் எளிய ஆங்கிலத்தில் கொடுத்தேன். 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ வெளியிட்டதில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடும், அத்தோடு கதை முடிந்தது. காப்பாற்ற ஒருவரும் வருவதில்லை. 1812இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் அச்சிட்டதில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றை வெட்டிப் பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு எடுப்பார். எந்த முடிவு நியாயம், ஏன் என்று மட்டும் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, தட்டுத்தடுமாறி, ஆங்கிலத்திலேயே சொன்னான்: கிரிம் கதையில் வழியை விட்டு விலகாதே என்று அம்மா எச்சரிக்கிறாள், பெரோ கதையில் ஓநாய் ஆபத்தானது என்று அந்தப் பெண்ணிடம் யாருமே சொல்லவில்லை, அப்படியிருக்க அவளைச் சாகவிடுவது என்ன நியாயம்? இரண்டு பிரதிகளையும் வரி வரியாகப் படிக்காமல் இதைச் சொல்ல முடியாது. கல்லூரி விமரிசன வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது. இதைத்தான் பாட்டி கதை என்று சிரித்தீர்கள்.

"அதெல்லாம் சரி, பரீட்சையில் பத்தியைப் படித்து விடை எழுதும் காம்ப்ரிஹென்ஷன்தானே வரும்?" என்பீர்கள். வரட்டும். அந்தப் பத்திகளை நம் பிள்ளைகள் எப்படி முடிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடுவார்கள், அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுவார்கள், முழு மார்க். பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் தெரியாது. நானும் அப்படிப் படித்து வந்த ஆள்தான். ஆங்கில இலக்கணத்தில் ஜெரண்டு என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். யாராவது ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டால் மட்டும் உள்ளங்கை வியர்க்கும். எனக்கு வாய்த்த ஆசிரியர்கள் யாரும் கதை சொல்லவில்லை, சிலபஸை மட்டும் ஒழுங்காக முடித்தார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

இலக்கணமா வேண்டும்? மெழுகால் ஒட்டிய சிறகோடு சூரியனுக்குப் பக்கத்தில் பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுந்த இக்காரஸ் கதையைக் கொடுங்கள். 'உயரப் பறக்காமல் இருந்திருந்தால் மெழுகு உருகியிருக்காது' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதப் போனால் நடக்காமல் போனதைச் சொல்லும் மூன்றாம் வகை கண்டிஷனல் தானாக வந்து நிற்கும். பயிற்சித்தாளில் பத்து வாக்கியம் நிரப்பினாலும் வராதது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் அப்பா டெடலஸ் மகனை இரண்டு பக்கமும் எச்சரிக்கிறார்: மேலே போனால் வெயில் சிறகைச் சுடும், தாழப் பறந்தால் கடலின் ஈரம் சிறகைக் கனக்கச் செய்யும். பெரியவர்கள் பாதியை மறந்துவிட்டு உயரே போகாதே என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். தாழப் போவதும் ஆபத்து என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது பிள்ளைகள்தான். நாளைக்கு இவர்கள் மேல் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' படிப்பார்கள். அதில் கைவினைஞர்கள் சேர்ந்து பிரமஸ், திஸ்பி என்ற காதலர்களின் பழைய சோகக் கதையை நாடகமாகப் போட்டுக் கெடுப்பார்கள். அந்தப் பழைய கதை தெரியாத பிள்ளைக்கு அங்கே சிரிப்பு எங்கிருந்து வரும்? கைடில் 'இது நகைச்சுவைக் காட்சி' என்று போட்டிருக்கும், மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

புராணம் என்றால் மதம், அதைப் பள்ளிக்குள் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நம்பச் சொல்லவில்லை சார், படிக்கச் சொன்னேன். இதில் இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வன்முறை என்று இன்னொருவர். கிரிம் எழுதிய சின்ட்ரெல்லாவில் செருப்புக்குள் கால் நுழைவதற்காக ஒரு சகோதரி கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன், உண்மைதான். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் பயந்து அழவில்லை. வீட்டில் இரவு பத்து மணிக்கு அவர்கள் கையில் இருக்கும் போனில் என்ன ஓடுகிறது என்று நான் குழுவில் கேட்டேனா?

இந்த 'பாட்டி கதை' விவகாரத்துக்கு வருகிறேன், உறுத்துவது அதுதான். சின்ட்ரெல்லா மாதிரிக் கதை ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமில்லை. சீனாவில் 9ஆம் நூற்றாண்டிலேயே டுவான் செங்ஷி எழுதிவைத்த கதையில் யே ஷியான் என்றொரு பெண் வருகிறாள். சிற்றன்னை கொடுமை, தொலைந்துபோன பொற்செருப்பு எல்லாம் உண்டு, அவளுக்கு உதவுவது மட்டும் தேவதைக்குப் பதில் மீன் எலும்பு. அதைச் சொன்னதும் எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு என்று ஒரு பெண் கை தூக்கினாள். அப்படியா, எல்லாரும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். இதுதான் நான் கொடுத்த வீட்டுப்பாடம், இதற்குத்தான் இத்தனை கூத்து. மறுநாள் ஆளுக்கொரு கதை. "எங்க பாட்டி சொன்னதுல அப்படி இல்லையே" என்று சண்டை வேறு, அதுவும் ஆங்கிலத்தில். தப்பும் தவறுமான ஆங்கிலம்தான். ஆனால் கைடைப் பார்த்து எழுதியது இல்லை, அவர்களுடையது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டி சொன்ன கதையைப் பேத்தி ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள். அதைக் கேட்டு உங்களுக்குப் பெருமை வரவில்லை, சிரிப்பு வந்திருக்கிறது. கதையும் கேவலம், பாட்டியும் கேவலம், இரண்டையும் மதித்த டீச்சருக்கு வேலை தெரியாது. அந்தக் குழுவில் சிரித்தவர்களில் சிலர் இதே பிள்ளைகள் ஆண்டு விழாவில் கதை சொன்னபோது எழுந்து நின்று கைதட்டியவர்கள். மேடையில் நடந்தால் திறமை, வகுப்பில் நடந்தால் நேர விரயமா?

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நம்பர் எல்லாரிடமும் இருக்கிறது. லீவு நாளிலும் வீட்டுப்பாடம் என்ன என்று மெசேஜ் போடத் தெரிந்தவர்கள்தானே. அதை விட்டுவிட்டு நேராக மேலே புகார் போயிருக்கிறது. இத்தனை வருஷம் பாடம் நடத்திவிட்டு, கதை ஏன் சொன்னேன் என்று நின்றுகொண்டு விளக்கம் சொன்னேன், உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அனன்சி. ஆகாயக் கடவுள் நியாமேயிடமிருந்து உலகத்துக் கதைகளையெல்லாம் தந்திரத்தால் வாங்கி வந்த சிலந்தி, கானாவின் அகான் மக்களுடைய கதை. புகார் எழுதுகிறவர்கள் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம், ஸ்பெல்லிங் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.