ஹிகுச்சி இச்சியோ: பரவும் செய்தியில் எது தவறு?

‘ஜப்பான் பணத்தாளில் இடம்பெற்ற முதல் பெண், எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோ. வாழ்ந்தபோது அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்றொரு செய்தி படத்தோடு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2004-ல் 5,000 யென் தாளில் இச்சியோ முகம் வந்தது உண்மை. ஆனால் 1881-லேயே 1 யென் தாளில் பேரரசி ஜிங்கு வந்துவிட்டார். வரைந்தவர் இத்தாலியரான கியோசோனே. அதனாலோ என்னவோ, பேரரசிக்கு ஐரோப்பியச் சாயல்!

அடுத்தது, ‘கண்டுகொள்ளவில்லை’ என்பது. வறுமை நிஜம்தான். 1889-ல் அப்பா இறந்ததும் தையலும் சலவையுமாகக் குடும்பம் ஓடியது. 1893-ல் டோக்கியோவின் யோஷிவாரா பகுதிக்கு அருகே சின்னப் பெட்டிக்கடை போட்டார். சில்லறைச் சாமான், சிறுவர்களுக்கான மலிவு மிட்டாய். மறு ஆண்டே கடையை மூட வேண்டியதாயிற்று. ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகளின் உலகம்தான் ‘தகேகுராபே’ கதையானது. 1896-ல் மோரி ஓகாய் போன்ற பெரிய எழுத்தாளரே அதை மனம்விட்டுப் பாராட்டினார். அப்போது இச்சியோ உயிரோடுதான் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் காசநோயால் இறந்தபோது வயது 24. புகழ் வந்தது, அனுபவிக்கத்தான் நாள் இல்லை.

அப்புறம், ‘இப்போதைய 5,000 யென் தாள்’ என்று போடுவதும் பழைய கதை. 2024 ஜூலை முதல் வெளியாகும் புதிய தாளில் இருப்பவர் கல்வியாளர் சுதா உமேகோ. இச்சியோ படமுள்ள தாள் இன்றும் செல்லும்.